பழ ஈக்கு மலட்டு மாப்பிள்ளை

பாகல் பந்தலுக்குள் குனிந்து நடந்தவர்களுக்கு அந்த வாடை மறக்காது. பந்தல் காலில் ஒரு பாலிதீன் பை தொங்கும். பையில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே நனைத்த கருவாட்டுத் தூள் கொஞ்சம், பக்கத்தில் பூச்சிமருந்து தொட்ட பஞ்சு. ஏக்கருக்கு 20 பை என்பது கணக்கு. கருவாட்டு வாடைக்கு வரும் பழ ஈ மருந்து பட்டுச் சாகும். பஞ்சில் தொடச் சொன்ன டைக்குளோர்வாஸ் 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மருந்து இருந்த காலத்திலும் ஈ முழுதாக அடங்கியதில்லை. குத்துப்பட்ட பிஞ்சு கோணிக்கொள்ளும், முற்றும் முன்பே மஞ்சளடித்து உதிரும். பிளந்தால் புழு.

இதே ஈதான் ஜப்பானின் தென்கோடியான ஒகினாவாத் தீவுகளையும் பிடித்திருந்தது. 1919ல் யாயெயாமா தீவுகளில் முதலில் கண்டார்கள். பிறகு தீவு தீவாக வடக்கே ஏறியது. அந்த ஊர்க்காரர்களுக்குப் பாகற்காய் நமக்கு முருங்கைக்காய் மாதிரி. கோயா என்பார்கள், முட்டை சேர்த்து வதக்குவார்கள். ஆனால் அந்தக் காயைக் கப்பலேற்றி ஜப்பானின் பெரிய தீவுகளுக்கு அனுப்ப முடியாது. காயோடு ஈயும் போய்ச் சேரும் என்பதால் தடை. 1972ல் கூமே என்ற சிறு தீவில் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் கவர்ச்சிப் பொறிகளாலும் நச்சுணவாலும் ஈயின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதன்பின் தீவுகளில் கொண்டுபோய் விட்டது மருந்தை அல்ல, ஈயையே. 1993ல் கடைசித் தீவிலும் ஈ ஒழிந்துவிட்டதாக அறிவித்தபோது, அவர்கள் வளர்த்து விட்ட ஈக்களின் எண்ணிக்கை 5,000 கோடியைத் தாண்டியிருந்தது.

பூச்சிக்கட்டுப்பாட்டில் மரபியல் வழி என்று இன்று சொல்வது, ஒகினாவாவில் செய்த வேலையில் தொடங்கி, மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் வரை நீளும் ஒரு குடும்பத்தை. ஈயைக் கொல்வதற்குப் பதில் அதன் சந்ததியைக் கெடுப்பது அந்தக் குடும்பத்தின் பொதுக் குணம். கடந்த 70 ஆண்டுகளில் இதில் எது வயலில் நின்றது, எது ஆய்வகத்தைத் தாண்டவில்லை, ஏன் என்று பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகளில் பெரிய பெயர் எடுத்த நுட்பங்களைவிட, கூட்டுப்புழுவின் நிறம் என்ற ஒரு சின்ன விஷயம்தான் இதுவரை விவசாயிக்கு அதிகம் உழைத்திருக்கிறது.

ஈயைப் பற்றி முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அடுக்களையில் வாழைப்பழத்தைச் சுற்றும் பொடி ஈ வேறு குடும்பம். மரபியல் ஆய்வகங்கள் நூறாண்டுகளாக வளர்ப்பது அதைத்தான். அது கனிந்து அழுகுவதைத் தேடும். நாம் பேசும் பழ ஈ நல்ல காயைத் தேடும். பெண் ஈயின் வால்முனையில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. தோலைக் குத்தி உள்ளே முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். புழு சதைக்குள் வளர்ந்து, மண்ணில் விழுந்து, புதைந்து கூட்டுப்புழுவாகும். முட்டையும் புழுவும் பழத்துக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். மருந்தடிப்பவன் கைக்கு எட்டுவது பறக்கும் ஈ மட்டுமே, அதுவும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாளைக்கே புதிதாக வந்துவிடும். இந்த ஈ விஷயத்தில் தெளிப்பான் தோற்பதற்குக் காரணம் மருந்தின் வீரியக் குறைவு இல்லை, ஈயின் குடியிருப்பு அப்படி.

இந்த ஈக்களில் மோசமானவை சில நம் பக்கத்தவை. பாகல் ஈயின் பூர்வீகம் இந்தியப் பகுதி என்பதே பொதுவான கருத்து. மாமரத்தைப் பிடிக்கும் ஆசியப் பழ ஈயின் கதை இன்னும் சுவாரசியமானது. 2003ல் கென்யாவில் ஒரு புதிய ஈ மாம்பழங்களில் தென்பட்டது. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்குப் பரவியது. இலங்கையில் கிடைத்த ஈக்களோடு ஒப்பிட்டு, அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, 2005ல் படையெடுத்து வருவது என்று பொருள்படும் இன்வாடென்ஸ் என்ற பெயரைச் சூட்டினார்கள். பத்து ஆண்டுகள் தனி இனமாகவே அது ஏடுகளில் இருந்தது. பிறகு மரபணுவையும் உடலமைப்பையும் வாசனைச் சுரப்பையும் ஒப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிய ஈயோடு ஒரே கூண்டில் விட்டால் தயங்காமல் இணைசேர்கிறதா என்று பார்த்தார்கள். சேர்ந்தது. 2015ல் இரண்டும் ஒன்றே என்று தீர்ப்பாயிற்று. ஏட்டு விவகாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. யார் யாரோடு சேரும் என்று தெரியாமல் மரபியல் வழியில் ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது.

ஈயின் விலை என்ன என்று நம் ஏற்றுமதியாளர்களைக் கேட்டால் 2014ஐச் சொல்வார்கள். அந்த மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டது. கூடவே பாகல், புடலை, கத்தரி, சேம்பு. முந்தைய ஆண்டு வந்த சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்தது காரணம். மாம்பழத்துக்கான தடை மறு ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கியது.

இனி அந்த மலட்டு மாப்பிள்ளை வந்த வழி.

1927ல் ஹெர்மன் முல்லர், எக்ஸ் கதிர் பட்டால் அடுக்களை ஈயின் மரபணுக்கள் மாறுகின்றன என்று காட்டினார். அமெரிக்க வேளாண் துறையில் பூச்சியியலாளராக இருந்த எட்வர்ட் நிப்ளிங்குக்குச் சில ஆண்டுகள் கழித்து வேறு ஒரு ஈயோடு சண்டை. மாட்டுப் புண்ணில் முட்டையிட்டு உயிருள்ள சதையைத் தின்னும் புழுவின் ஈ அது. அந்த ஈயின் பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் சேரும் என்று அவர் கவனித்திருந்தார். அந்த ஒருமுறையும் மலட்டு ஆணோடு என்றால்? யோசனை 1930களிலேயே இருந்தது, மலடாக்கும் வழி அவருக்குத் தெரியவில்லை. முல்லரின் கதிர் பின்னால் அதைக் கொடுத்தது. சகாவான ரேமண்ட் புஷ்லாண்ட் ராணுவ மருத்துவமனையின் எக்ஸ் கதிர் இயந்திரத்தைக் கடன் வாங்கிக் கூட்டுப்புழுக்கள் மேல் பாய்ச்சிப் பார்த்தார். 1954ல் கரீபியக் கடலின் குராசோ தீவில் மலட்டு ஈக்களை விமானத்திலிருந்து விட்டபோது, சில மாதங்களில் தீவின் ஆடுகளில் புண்புழு காணாமல் போயிற்று.

மலடு என்ற சொல் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். கதிர் பட்ட ஆணுக்கு விந்து இல்லாமல் போவதில்லை. விந்து நீந்துகிறது, முட்டையைச் சேர்கிறது. ஆனால் அதன் குரோமோசோம்கள் உடைந்திருப்பதால் கரு வளராமல் சாகிறது. பெண்ணுக்குத் தான் ஏமாந்தது தெரியாது. கடமை முடிந்தது என்று மறுபடி துணை தேடாமல் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். கதிர் என்பது ஒரு முரட்டு மரபியல் கருவி. எங்கே வெட்டுகிறது என்று தெரியாமல் வெட்டும், ஆனால் வெட்டிவிடும்.

நிப்ளிங் 1955ல் அச்சிட்ட ஒரு சின்னக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு. ஒரு வட்டாரத்தில் 10,00,000 கன்னிப் பெண் ஈக்கள். 20,00,000 மலட்டு ஆண்களை விடுகிறோம். மூன்றில் இரண்டு பெண்கள் மலடனிடம் மாட்டும். அடுத்த தலைமுறை 3,33,333. மறுபடி அதே 20,00,000. இப்போது ஒரு நல்ல ஆணுக்கு ஆறு மலடன். அடுத்தது 47,619. மறுபடி அதே அளவு. 1,107. நான்காவது தடவைக்குப் பிறகு மிச்சம் ஒன்றுக்கும் குறைவு. பூச்சிமருந்தின் கணக்கு இதற்கு நேர்த்தலைகீழ். ஒரு தெளிப்பு நூற்றில் தொண்ணூறைக் கொல்லும் என்றால், ஈ பத்து லட்சமாக இருக்கும்போது நன்றாகத் தெரியும். ஆயிரமாக இருக்கும்போது அந்த ஆயிரத்தைத் தேடி ஊர் முழுக்க அதே செலவில் தெளிக்க வேண்டும். மலட்டு ஈ, எதிரி குறையக் குறையக் கூர்மையாகிறது. அதனால்தான் ஒகினாவாக்காரர்கள் முதலில் பொறி வைத்தார்கள். மருந்தும் மலட்டு ஈயும் எதிரிகள் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

வயலில் கணக்கு இவ்வளவு சுத்தமாக ஓடாது. பழ ஈயின் பெண் சிலசமயம் இரண்டாவது துணையையும் தேடும். காட்டு ஈ ஒவ்வொரு தலைமுறையிலும் பெருகும். ஆகவே ஒன்றுக்கு இரண்டு போதாது, ஒன்றுக்கு நூறு வரைகூட விடுகிறார்கள். அதற்குத் தொழிற்சாலை வேண்டும். 1977ல் மத்தியத்தரைக்கடல் பழ ஈ மெக்சிகோவின் தென்கோடியான சியாபாஸுக்குள் நுழைந்தபோது, மெட்டாபா என்ற ஊரில் ஒரு வளர்ப்பு ஆலை கட்டி 1979ல் திறந்தார்கள். 1982ல் மெக்சிகோ அந்த ஈயை விரட்டிவிட்டது. குவாத்தமாலாவின் எல் பினோ ஆலை வாரத்துக்கு 100 கோடிக்கும் மேல் ஈ கொடுக்க வல்லது. கோதுமைத் தவிடு, சர்க்கரை, ஈஸ்ட் கலந்த சாந்தில் புழு வளரும். கூட்டுப்புழு ஈயாக வெளிவர ஓரிரு நாள் இருக்கும்போது கதிரடிப்பார்கள். ஒளிரும் சாயப்பொடியில் புரட்டுவார்கள். இதில் ஓர் அழகு இருக்கிறது. கூட்டை உடைக்க ஈ தன் நெற்றியில் ஒரு பையை ஊதிப் பெருக்கும், வெளியே வந்ததும் அது உள்ளே சுருங்கிவிடும். சுருங்கும்போது கொஞ்சம் சாயத்தையும் தலைக்குள் இழுத்துக்கொள்ளும். பின்னால் பொறியில் விழுந்த ஈ நம்முடையதா காட்டுடையதா என்று சந்தேகம் வந்தால், தலையை நசுக்கிப் புற ஊதா விளக்கில் பார்த்தால் போதும்.

அந்தச் சந்தேகம் எவ்வளவு பெரிய அரசியலாகும் என்று கலிஃபோர்னியா கற்றுக்கொண்டது. 1980ல் சாண்டா கிளாரா வட்டாரத்தில் மத்தியத்தரைக்கடல் ஈ தலைகாட்டியது. மலட்டு ஈ விட்டார்கள். பெருவிலிருந்து வந்த சரக்கில் மலடாகாத ஈக்களும் கலந்திருந்தன என்று அடுத்த ஆண்டு பெரும் சர்ச்சை. ஆகாயத்திலிருந்து மாலத்தியான் தெளிக்க மறுத்துவந்த ஆளுநர் ஜெரி பிரவுன், மாநிலத்தின் பழம் முழுதுக்கும் தடை வரும் என்ற மிரட்டலுக்குப் பிறகு 1981 ஜூலையில் இறங்கிவந்தார். மக்கள் பயப்படாமல் இருக்க, அவருடைய அதிகாரி பி. டி. காலின்ஸ் நீர்த்த மாலத்தியானை ஒரு தம்ளரில் ஊற்றிக் குடித்துக் காட்டினார். (குடித்துக் காட்டுவது ஒரு சான்றே அல்ல என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.) 1996 முதல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஈ இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலட்டு ஈக்களை முன்னெச்சரிக்கையாகத் தூவுகிறார்கள். ஆனால் அது மத்தியத்தரைக்கடல் ஈக்கு மட்டும். ஆசியப் பழ ஈ வந்தபோது, 2024 தொடக்கத்தில் ரெட்லாண்ட்ஸ் நகரில் 2,000க்கும் மேற்பட்ட வீடுகளின் தோட்டங்களில் நுழைந்து மரத்திலிருந்த பழங்களையெல்லாம் பறித்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது.

இவ்வளவு ஈயை வளர்த்தால் மட்டும் கல்யாணம் நடந்துவிடாது. பெண்தான் தேர்ந்தெடுக்கிறது. மத்தியத்தரைக்கடல் ஈயின் ஆண்கள் ஒரு மரத்தில் கூட்டமாக இலையடியில் நின்று, வாசனை விட்டு, இறக்கையை விசிறும். பெண் வந்து பார்வையிடும். ஆலையில் நெருக்கடியில் பல தலைமுறை வளர்ந்த ஆணுக்கு இந்த நாகரிகம் மறந்துவிடுகிறது. அவசரப்படுகிறது, தோற்கிறது. ஹவாயில் ஆய்வு செய்தவர்கள் ஒரு விநோத மருந்தைக் கண்டார்கள். விடுவதற்கு முன் ஆண் ஈக்களுக்கு இஞ்சி எண்ணெயின் வாசனையைக் காட்டினால் பெண்களிடம் அவற்றின் மதிப்பு கூடுகிறது. ஆலைகளில் இது இப்போது வழக்கம்.

ஆசியப் பழ ஈயின் ஆணுக்கு மீத்தைல் யூஜினால் மேல் அப்படி ஒரு மோகம். நம் துளசியிலும் இருக்கிற வாசனைப்பொருள்தான். இதன் முதல் பக்கம் இந்தியாவில் எழுதப்பட்டது. பீகாரின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த எஃப். எம். ஹவ்லெட், கொசுவுக்காகப் பூசும் சிட்ரொனெல்லா எண்ணெயை நோக்கிப் பழ ஈக்கள் வருவதை 1912ல் எழுதினார். வருவதெல்லாம் ஆண் என்றும் கண்டார். 1915ல் மீத்தைல் யூஜினால்தான் இழுக்கிறது என்று காட்டினார். இன்று நம் மாந்தோப்புகளில் தொங்கும் பொறி அவருடைய வழித்தோன்றல். ஆண் ஈ அதைத் தின்று தன் வாசனையாக மாற்றிக்கொள்வதும், தின்ற ஆணைப் பெண் விரும்புவதும் பின்னால் தெரியவந்தது. பொறியில் ஆண்கள் குவிவதைப் பார்த்து மகிழ்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தப்பிய ஓர் ஆண் பல பெண்களுக்குப் போதும். ஒரு தோப்பில் மட்டும் பொறி வைத்தால் பக்கத்துத் தோப்பின் ஆண்களையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள்.

பெண்ணின் தேர்வு இன்னொரு எச்சரிக்கையையும் விட்டுச் சென்றது. ஒகினாவாவில் வேலை நீண்டுகொண்டே போனபோது, ஆலை ஆண்களை ஏற்காத காட்டுப் பெண்கள் தோன்றியிருப்பதை 1991ல் அறிவித்தார்கள். மருந்துக்கு எதிர்ப்பு வருவதுபோல மாப்பிள்ளைக்கும் எதிர்ப்பு வரும். மரபியல் வழிக்குப் பூச்சி பழகாது என்று சொல்வது விளம்பரம்.

இப்போது அந்த நிறத்துக்கு வருகிறேன்.

மலட்டு ஈக்களில் பெண்ணால் பயன் இல்லை. மலட்டு ஆண்கள் தம்மோடு விடப்பட்ட மலட்டுப் பெண்களிடமே காலத்தைக் கழிக்கும். மலட்டுப் பெண் முட்டை பொரியாவிட்டாலும் பழத்தைக் குத்தத்தான் செய்யும், குத்திய இடம் அழுகும். ஆகவே ஆண் மட்டும் வேண்டும். கோடிக்கணக்கான ஈயை யார் பிரிப்பது? மத்தியத்தரைக்கடல் ஈயில் கூட்டுப்புழுவின் வழக்கமான பழுப்புக்குப் பதில் வெள்ளையாக இருக்கும் ஒரு பிறழ்வு இருந்தது. அதே குரோமோசோமில், முட்டைப் பருவத்தில் சூடு தாங்காமல் சாகும் இன்னொரு பிறழ்வும் கிடைத்தது. வியன்னாவுக்கு அருகே செய்பர்ஸ்டார்ஃபில் உணவு வேளாண்மை அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து நடத்தும் ஆய்வகத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். பழுதில்லாத மரபணுக்கள் இருந்த குரோமோசோம் துண்டைக் கதிரால் உடைத்து, ஆணுக்கு மட்டுமே உரிய ஒய் குரோமோசோமில் ஒட்டிக்கொண்ட வம்சத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது ஆணெல்லாம் பழுப்பு, சூடு தாங்கும். பெண்ணெல்லாம் வெள்ளை, சூடு தாங்காது. முட்டையை 34 டிகிரி வெந்நீரில் ஒரு நாள் வைத்தால் பெண் கரு அத்தனையும் செத்துவிடும், மிஞ்சுவது ஆண். நம் ஊர் மே மாதத்து வெயிலைவிடக் குறைந்த சூடு! வியன்னா 7, வியன்னா 8 என்று பெயரிட்ட இந்த வம்சங்கள் உலகின் ஆலைகளுக்குப் போயின. குவாத்தமாலாவின் காபித் தோட்டங்களில் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆணை மட்டும் விட்டது இருபாலையும் விட்டதைவிடப் பல மடங்கு பலன் தந்தது.

இதில் வெளியிலிருந்து புகுத்திய மரபணு ஏதும் இல்லை. பழைய பாணி மரபியல், பொறுமை, பூதக்கண்ணாடி. குறைகளும் உண்டு. குரோமோசோம் ஒட்டு இருப்பதால் ஆணின் விந்தில் கணிசமான பங்கு வீணாகும், ஆலைச் செலவு கூடும். எப்போதாவது மரபணுக்கள் இடம் மாறி வெள்ளை ஆண் பிறக்கும். அதைப் பொறுக்கி எறியாவிட்டால் சில தலைமுறைகளில் வம்சமே கெட்டுவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இது ஒரு இனத்துக்குச் செய்தது. அடுத்த இனத்துக்குப் புதிதாகப் பிறழ்வைத் தேட வேண்டும். தாய்லாந்தில் ஆசியப் பழ ஈக்கு வெள்ளைக் கூட்டுப்புழு வம்சம் ஒன்று உருவாக்கினார்கள், ஆனால் சூட்டில் சாகும் மரபணு அதில் இல்லை. கூட்டுப்புழுவாகும் வரை பெண்ணையும் சேர்த்து வளர்த்துத் தீனி போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மரபணுப் பொறியியல் உள்ளே வந்தது. 1995ல் மத்தியத்தரைக்கடல் ஈயின் மரபணுத் தொகுதிக்குள் முதன்முதலாக அயல் மரபணு புகுத்தப்பட்டது. 2000ல் ஆக்ஸ்ஃபோர்டில் லூக் ஆல்ஃபியின் குழு, டெட்ராசைக்ளின் என்ற பழைய நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை வைத்து ஒரு பூட்டு செய்தது. தீனியில் அந்த மருந்து இருக்கும்வரை கொல்லும் மரபணு உறங்கும். வயலில் மருந்து ஏது? அங்கே பிறக்கும் பெண் சாகும். 2007ல் இப்படிப் பெண்ணில் மட்டும் வேலை செய்யும் பூட்டை மத்தியத்தரைக்கடல் ஈயில் அமைத்தார்கள். கதிர் வேண்டாம், எனவே ஆண் பலவீனமாகாது. ஆணின் வழியாகக் கொல்லும் மரபணு இன்னும் ஓரிரு தலைமுறை வேலை செய்யும். காகிதத்தில் எல்லாமே நன்மை.

சிக்கல் பழத்துக்குள் இருந்தது. கதிரடித்த ஆணோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரிவதே இல்லை. இந்த வகையில் முட்டை பொரிகிறது, புழு பழத்தைத் தின்கிறது, பெண் புழு வளர்ந்த பிறகு சாகிறது. பழம் போனது போனதுதான், அதற்குள் மரபணு மாற்றிய புழுவின் சடலமும் இருக்கும். ஆக்ஸிடெக் நிறுவனம் ஆலிவ் ஈக்கு இப்படி ஒன்றை உருவாக்கி ஸ்பெயினில் களச் சோதனைக்கு அனுமதி கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது இதனால்தான். இயற்கை முறை ஆலிவ் எண்ணெய் என்று விற்பவரின் தோப்பில் அந்தப் புழு வந்தால் சான்றிதழ் என்னாவது? எதிர்த்தவர்களை அறிவியல் விரோதிகள் என்று அப்போது எழுதினார்கள். எனக்கு அது வியாபாரியின் நியாயமான கேள்வியாகவே படுகிறது. பழ ஈக்கு எதிரான மரபணு மாற்ற ஈ, வழக்கமான பயன்பாட்டுக்கு இன்றுவரை எங்கும் வரவில்லை.

வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவைக் குடியேற்றுவது ஒரு பக்கவழி. பாக்டீரியா உள்ள ஆணும் இல்லாத பெண்ணும் சேர்ந்தால் முட்டை பொரியாது. செர்ரி ஈயிலிருந்து எடுத்து மத்தியத்தரைக்கடல் ஈயில் ஏற்றி 2004ல் வெற்றி கண்டார்கள். ஆனால் பாக்டீரியா உள்ள பெண் ஒன்று தவறிப்போய் வெளியேறினால் அதன் சந்ததி பெருகும். ஆகவே இங்கும் ஆண் பெண் பிரிப்புக்கே திரும்ப வருகிறோம்.

கிரிஸ்பர் வந்தபின் மூன்று திசைகளில் வேலை நடக்கிறது. முதலாவது எனக்கு மிகப் பிடித்தது. அந்த வெள்ளைக் கூட்டுப்புழுவுக்குக் காரணமான மரபணு எது என்று பல பத்தாண்டுகளாக யாருக்கும் தெரியாது. நிறத்தை மட்டும் பார்த்து வேலை செய்தார்கள். 2021ல் அது பிடிபட்டது. பொருள்களைச் செல்லுக்குள் கடத்தும் ஒரு புரதத்தின் மரபணு. மத்தியத்தரைக்கடல் ஈ, ஆசியப் பழ ஈ, பாகல் ஈ மூன்றிலும் வெவ்வேறு காலத்தில் தானாக நேர்ந்த பிறழ்வு அதே மரபணுவில்தான். கிரிஸ்பரால் அதை உடைத்தால் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஈயிலும் கூட்டுப்புழு வெளுத்தது. இனி பிறழ்வைத் தேடிக் காத்திருக்க வேண்டாம், வேண்டிய இனத்தில் செய்துகொள்ளலாம். இதோடு 2019ல் இத்தாலியின் நேபிள்ஸ் ஆய்வாளர்கள் ஆணாக்கும் மரபணுவையே ஒய் குரோமோசோமில் கண்டுபிடித்ததைச் சேர்த்துப் பாருங்கள். அதைக் கொடுத்தால் எக்ஸ் எக்ஸ் கருவும் ஆணாகிறது, தடுத்தால் எக்ஸ் ஒய் கருவும் பெண்ணாகிறது, இரண்டும் பிள்ளை பெறும். ஆலைக்குள் பெண்ணே பிறக்காத வளர்ப்பு ஒருநாள் வரலாம்.

இரண்டாவது, கலிஃபோர்னியாவில் ஒமர் அக்பரியின் குழு 2019ல் அடுக்களை ஈயில் காட்டிய வழி. இரண்டு வம்சங்கள். ஒன்றில் கத்தரிக்கோல், மற்றதில் எங்கே வெட்ட வேண்டும் என்ற முகவரி. இரண்டையும் சேர்த்தால் பிறப்பதெல்லாம் மலட்டு ஆண், பெண் செத்துவிடும். முட்டையாகவே வயலுக்கு அனுப்பலாம். செர்ரி, ஸ்ட்ராபெரித் தோட்டங்களை அலைக்கழிக்கும் சுசுகி ஈக்கு இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அடுக்களை ஈயின் குடும்பத்தில் நல்ல பழத்தைக் குத்தப் பழகிய துஷ்டன் அது. 2008ல்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தென்பட்டது.

மூன்றாவது ஜீன் டிரைவ். பெற்றோரில் ஒருவரிடம் உள்ள மரபணு பாதிப் பிள்ளைகளுக்குப் போவதே வழக்கம். இது ஏறக்குறைய எல்லாருக்கும் போகும்படி தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும். சில ஈக்களை விட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது கவர்ச்சி. 2024ல் மத்தியத்தரைக்கடல் ஈயிலும் கூண்டுக்குள் செய்துகாட்டிவிட்டார்கள். நான் இதற்கு எதிர்க்கட்சி, காரணம் பயம் அல்ல. பழ ஈ வியாபாரத்தோடு நாடு தாண்டும் பிராணி. ஒரு நாட்டுக்குத் தொல்லையாக உள்ள இனம் இன்னொரு நாட்டின் காட்டில் பூர்வகுடி. பாகல் ஈயை ஒகினாவாவில் ஒழித்ததை யாரும் கேட்கவில்லை, அது அங்கே வந்தேறி. இங்கே ஒழித்தால் அந்தக் கேள்விக்கு விடை வேறு. மேலும் காட்டு ஈக்களில் இயல்பாக உள்ள மரபணு வேறுபாடுகளே இந்த உந்துதலைத் தடுத்துவிடலாம் என்பது சுசுகி ஈயில் 2018ல் செய்த சோதனையிலேயே தெரிந்தது. திரும்பப் பெற முடியாத, ஆனால் தோற்கக்கூடிய ஒன்றை எதற்கு அவசரப்பட்டு விட வேண்டும்? மலட்டு ஈயின் மிகப் பெரிய நற்குணம், அடுத்த வாரம் விடாவிட்டால் அது நின்றுவிடும் என்பது.

இந்தியாவுக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து டெல்லியில் மலட்டுக் கொசு ஆய்வு நடத்தின, பணம் அமெரிக்காவுடையது. உயிரியல் போருக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளில் சந்தேகம் கிளம்பி, நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு வரை போய், 1975ல் திட்டம் மூடப்பட்டது. சந்தேகத்துக்குப் போதிய விளக்கம் வராததுதான் திட்டத்தைக் கொன்றது என்பது என் எண்ணம். இன்றும் மரபணு மாற்றிய பூச்சி என்றால் 1989 விதிகளின்படி மத்தியக் குழுவின் அனுமதி வேண்டும். மரபணு திருத்திய பயிர்களில் சிலவற்றுக்கு 2022ல் கொடுத்த விலக்கு பூச்சிக்குப் பொருந்தாது.

அனுமதியைவிடப் பெரிய தடை நிலத்தின் அமைப்பு. மலட்டு ஈ வென்ற இடங்கள் பெரும்பாலும் தீவு, இல்லாவிட்டால் பாலைவனமோ மலையோ சூழ்ந்த பள்ளத்தாக்கு. கிருஷ்ணகிரி மாந்தோப்புகள் சித்தூரோடும் கோலாரோடும் ஒட்டியவை. மூன்று மாநிலங்கள், அரை ஏக்கர் முதல் நூறு ஏக்கர் வரை கணக்கற்ற உரிமையாளர்கள், நடுவே வீட்டுக்கொல்லைக் கொய்யாமரங்கள். ஒரு மாநிலம் மட்டும் ஈ விட்டால் கடலில் கரைத்த பெருங்காயம். பந்தல் காய்கறி வட்டாரங்கள் ஓரளவு தேவலை, நடுவில் இடைவெளி உண்டு. தொடங்குவதானால் அங்கே, பாகல் ஈயில், ஆண் மட்டும் உள்ள வம்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கதிரடித்துத் தொடங்க வேண்டும். அதற்கு முன் ஈயை எண்ண வேண்டும். எந்த மாதம் எத்தனை என்று வாரவாரம் பொறி எண்ணிய பதிவு பல ஆண்டுகளுக்கு இல்லாமல் எத்தனை கோடி விடுவது என்று யாராலும் சொல்ல முடியாது. உதிர்ந்த காயைப் பொறுக்கிக் குழியில் மூடும் வேலையும் ஊரோடு நடக்க வேண்டும், காரணம் நிப்ளிங் கணக்கு.

இந்த வேலைக்கு முடிவு தேதி கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். நிப்ளிங் ஒழித்துக்காட்டிய புண்புழு ஈ, மத்திய அமெரிக்காவில் காவல் தளர்ந்தபின் வடக்கே ஏறி 2024 நவம்பரில் மெக்சிகோவுக்குள் திரும்ப வந்துவிட்டது. அதை எதிர்க்கப் போதிய மலட்டு ஈ இல்லாததால், மெட்டாபாவின் பழ ஈ ஆலையை அந்த ஈக்கு மாற்றியமைக்க அமெரிக்கா 2025ல் 2.1 கோடி டாலர் ஒதுக்கியது. ஒகினாவாவில் பாகல் ஈ ஒழிந்து 30 ஆண்டுகளுக்கு மேலாகிறது. தெற்கிலிருந்து காற்றோடும் காயோடும் வரக்கூடிய ஈக்காக, மலட்டு ஈ வளர்த்து விடுவதை அவர்கள் இன்னும் நிறுத்தவில்லை.